தகடூருக்கு அப்புறம் என்ன ஆச்சு?

தர்மபுரின்னா நமக்கெல்லாம் ஒரே ஒரு சீன்தான் தெரியும். அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையார், நெல்லிக்கனி. அப்புறம் பெருஞ்சேரல் இரும்பொறை படையோட வந்து, அதியமானின் தகடூரை ஜெயிக்கிறான். கட். அடுத்த சீன்ல தர்மபுரி பஸ் ஸ்டாண்ட். நடுவுல இருந்த ஆயிரம் வருஷத்துக்கு மேல எங்கே போச்சு?

பெங்களூரு ஆபீஸ்ல ஒரு கன்னட நண்பன், "தர்மபுரி ஒரு காலத்துல எங்க ஊர்தானே"ன்னு சீண்டினான். "எப்பவுமே தமிழ் ஊர்டா"ன்னு கோபமா சொல்லிட்டுத்தான் தேட ஆரம்பிச்சேன்.

பழைய நகரம் ஒன்னு அதிகாரத்தை இழந்தா காலியாயிடும்னு நினைக்கிறோம். லண்டன்ல கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. சுமார் 410-இல் ரோமானிய ஆட்சி முடிஞ்சதும் மதிலுக்குள்ள ஆள் நடமாட்டமே குறைஞ்சிடுச்சு. பிறகு மேற்கே, மதிலுக்கு வெளியே ஒரு ஊர் உருவாச்சு. ஆல்ஃபிரட் ராஜா 886-இல்தான் மதிலுக்குள்ள இருந்த பழைய நகரத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

தகடூர் வட்டாரத்தோட கதை வேற. இங்கே 6-ஆம் நூற்றாண்டுலேர்ந்து நடுகற்கள் பேசுது. பல கற்கள்ல வட்டெழுத்து, தமிழ் மொழி. மாட்டு மந்தைக்கு அப்போ 'தொறு'ன்னு பேரு. மாடுதான் சொத்து, அதனால தொறு கவர்றதும், மீட்கிறதும், அதுல சாகிறதும் கல்லுல ஏறுது. பல்லவ மன்னனோட பேரும் ஆட்சியாண்டும் மேல இருக்கும். ஆனா கல் நட்டது ராஜாவுக்கு இல்ல, செத்துப்போன ஊர்க்காரனுக்கு.

அடுத்து 893. லண்டனுக்கு உயிர் வந்து ஏழே வருஷம். தகடூர்ல நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கன்னடக் கல்வெட்டு ஒன்னு. நிதியண்ணன், சந்தியண்ணன்னு ரெண்டு வணிகர்கள் ஊர்ல ஒரு பசதி, அதாவது சமணக் கோயில், கட்டியிருக்காங்க. அதோட செலவுக்கு ஒரு கிராமமே தானமா போகுது. காசுள்ள வணிகர்கள் கோயில் கட்டுற ஊர் செத்த ஊரா இருக்க முடியாதே!

இன்னொரு ட்விஸ்ட். சுமார் 1200-இல், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துல, தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள் தன்னை அதியமான் வம்சம்னு சொல்லிக்கிறான். போளூர் பக்கத்துல இருக்கிற திருமலையில, முன்னோர் வச்ச யக்ஷன், யக்ஷி சிலைகளைச் சீர்செஞ்சதா கல்வெட்டும் பொறிக்கிறான். அஞ்சி போய் ஆயிரம் வருஷம் கழிச்சும் அந்தப் பேருக்கு மவுசு குறையல.

ஆக, ஆட்சி மாறுச்சு, கல்வெட்டு மொழி மாறுச்சு, பின்னாடி ஊர்ப் பேரே தர்மபுரின்னு மாறுச்சு. ஊர் தொடர்ந்து ஓடிட்டேதான் இருந்தது. நண்பன்கிட்ட திரும்பப் போய், "நீ சொன்னதும் பாதி சரிடா, நான் சொன்னதும் பாதி சரி"ன்னு ஒத்துக்கிட்டேன். 'எப்பவுமே'ங்கிற என் வார்த்தைதான் தப்பு.

தர்மபுரி பக்கம் போனா அருங்காட்சியகத்துல நடுகற்களைப் பாருங்க. நெல்லிக்கனிக்கு அடுத்த சீன் அங்கேதான் நிக்குது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.