லீ-என்ஃபீல்டு ரைபிள்: உபரிச் சந்தையும் முத்திரைகள் கூறும் வரலாறும்

லீ-என்ஃபீல்டு என்பது பிரித்தானியப் பேரரசின் படைகள் 1895 முதல் பயன்படுத்திய ரைபிள் ஆகும். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட் அமைப்பும், என்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலை உருவாக்கிய குழலும் இணைந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. இரு உலகப் போர்களிலும் பயன்பட்ட இது, இந்தியக் காவல்துறையில் 'திரீ நாட் திரீ' என அறியப்பட்டது. இன்று பழைய ஆயுதம் சேகரிப்போர் தேடி வாங்கும் ரைபிள்களுள் இதுவும் ஒன்று.

உபரிச் சந்தை

1950களின் பிற்பகுதியில் பிரித்தானியப் படை அரைத் தானியங்கி ரைபிளுக்கு மாறியதும் லீ-என்ஃபீல்டுகள் பெருமளவில் உபரியாயின. 1953இல் சாமுவேல் கம்மிங்ஸ் தொடங்கிய நிறுவனம் போன்றவை அவற்றை அமெரிக்காவில் மலிவாக விற்றன. 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்றது, அஞ்சல்வழி வாங்கப்பட்ட இத்தாலிய உபரி ரைபிள் ஒன்றாகும். இதன் பின் வந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல்வழி விற்பனையையும் படை உபரி இறக்குமதியையும் கட்டுப்படுத்தியது. சேகரிப்புப் பொருட்களுக்கு 1980களில் மீண்டும் வழி திறந்தது. இந்தியாவில் படைப் பயன்பாட்டுத் தோட்டா அளவுகள் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால், இஷாப்பூர் தொழிற்சாலை அவர்களுக்கெனத் தனியே .315 ரைபிளைச் செய்தது.

முத்திரைகளும் எண்களும்

முதல் உலகப் போர்க்கால மாதிரிகளில், அடிக்கட்டை பொருந்தும் உலோக வளையத்தில் மகுடம், அரசரின் பெயரெழுத்துகள், தொழிற்சாலை, ஆண்டு, மாதிரி ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். முனையோடு முனை சேர்ந்த இரண்டு அம்புக்குறிகள், ரைபிள் அரசுப் பணியிலிருந்து விற்கப்பட்டதைக் காட்டும். 'டி.பி.' என்ற எழுத்துகள் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டுமே உரியது, சுடத் தகுந்ததன்று என்பதைக் குறிக்கும்.

ரைபிளின் உடற்பகுதியிலும் போல்ட்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்பதே முதன்மையான சோதனை. ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் ரைபிளுக்கு ஏற்பப் பொருத்தப்பட்டது. வேறொரு போல்ட் மாற்றப்பட்டிருந்தால், போல்ட்டின் முகப்புக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் இடையே இடைவெளி மிகலாம். அப்போது தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சுடுபவரின் முகத்தை நோக்கி வாயு பீறிடும் ஆபத்து உண்டு. இதனால் ஆயுதப் பணியாளர் அளவுகோல் கொண்டு இந்த இடைவெளியைச் சோதித்த பின்னரே சுடுவது முறையாகும்.

குழலின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து உப்பை எச்சமாக விட்டது. அது காற்றின் ஈரத்தை ஈர்த்ததால், ஒழுங்காகக் கழுவப்படாத குழல்கள் உள்ளே துருப்பிடித்துக் குழிந்தன.

இஷாப்பூர் மாதிரிகள்

கொல்கத்தாவை அடுத்த இஷாப்பூரில் செய்யப்பட்ட ரைபிள்களில் கூடுதல் கவனம் தேவை. காவல் பணிக்காகச் சில .303 ரைபிள்களின் குழல், உள்வரிகள் நீக்கப்பட்டு .410 அளவில் வழவழப்பாகக் கடையப்பட்டது. வெளித்தோற்றத்தில் அவை பெரிதும் மாறவில்லை. குழலுக்குள் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். 1962 சீனப் போருக்குப் பின் உருவான 2ஏ, 2ஏ1 ஆகியவையோ பழைய மாதிரியை ஒத்திருந்தும் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு உரியவை. பன்னிரண்டு தோட்டாக்கள் கொள்ளும் சதுரமான மேகசின் இவற்றின் அடையாளம்.

போலிகள்

பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் லீ-என்ஃபீல்டின் நகல்கள் நெடுங்காலமாகச் செய்யப்படுகின்றன. ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்கப் படையினர் சிலர் அவற்றைப் பழம்பொருள் என நம்பி வாங்கினர். எழுத்துப் பிழைகளும் தலைகீழ் எழுத்துகளும் போலியைக் காட்டிக்கொடுக்கும். விக்டோரியா அரசி 1901 சனவரியில் மறைந்தார். அவருடைய 'வி.ஆர்.' முத்திரையுடன் 1915 என்ற ஆண்டும் ஒரே ரைபிளில் காணப்பட்டால் அது அரசுத் தொழிற்சாலையில் பிறந்ததன்று. இவ்வகை நகல்களின் எஃகு எத்தரத்தது என்பதற்கு உறுதியில்லை. எனவே அவை சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே ஏற்றவை.