குறையே இல்லாத தாய் நம்ம ஊரில் எப்போது இருந்தாள்?



போன ஐப்பசியில் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வாரம் சேமிப்பும் வரவில்லை. பணக் கஷ்டமோ என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பணத்தை எடுத்துத்தான் வைத்திருந்தாள்.

"காசு இருக்குக்கா. எனக்குத்தான் வெளிய வர மனசு இல்ல" என்றாள்.

அவள் கூட்டத்தில் இருந்த நேரத்தில் சின்னப் பையன் அடுப்பங்கரையில் சுடுகஞ்சியைக் கவிழ்த்துக்கொண்டான். தொடையில் கொப்புளம். புண் பத்து நாளில் ஆறிவிட்டது. மாமியாரும் நாத்தனாரும் எதிர்வீடும் ஆளுக்கு ஒன்றாகச் சொன்ன பேச்சுதான் ஆறவில்லை. போதாததற்குக் கையில் போன் வேறு.

"போன்ல பாக்குறேன்க்கா. ஒவ்வொருத்தி பிள்ளைக்கு டப்பாவுல கேரட்டைப் பூ மாதிரி வெட்டி வெச்சுக் குடுக்குறா. நான் பழைய சோத்தக் குடுத்துட்டு ஓடியாறேன். நானெல்லாம் ஒரு அம்மாவாக்கா?"

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம், என் மகன் நெற்றியில் இருக்கிற தழும்பு. அவனுக்கு இரண்டு வயது நடக்கும்போது, சம்பா நடவுக்குப் போன இடத்தில், வரப்போரப் பூவரசு மரத்தில் சேலையில் தூளி கட்டிப் போட்டிருந்தேன். முடிச்சு அவிழ்ந்து பிள்ளை விழுந்துவிட்டான். கீழே கல். மூன்று தையல். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்த முடிச்சைப் போட்டவள் நான்தான். அவன் தலை வாரும்போதெல்லாம் என் கண் அந்த இடத்துக்குத்தான் போகும்.

இந்த மலருக்கு வரலாறு ஏதாவது எழுதுங்கள் என்று கூட்டமைப்பில் சொன்னபோது, அந்தத் தங்கச்சி கேட்ட கேள்வியையே எடுத்துக்கொண்டேன். நமக்கு முன்னால் இந்தக் காவிரிக் கரையில் பிள்ளை வளர்த்த தாய்மார்கள் எல்லாம் குறையே இல்லாமல் வளர்த்தார்களா? கல்லூரியில் வரலாறு படிக்கிற என் மகள் புத்தகங்களைப் புரட்டிக் கொடுத்தாள். வயசான பெரியம்மாக்களிடம் நான் கேட்டுக்கொண்டேன். கிடைத்ததை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஒரத்தநாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் முத்தம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் கட்டியது. ராமேசுவரம் போகிறவர்களுக்குச் சோறு போட்ட சத்திரம் என்று மட்டும்தான் நாம் கேள்விப்பட்டிருப்போம். 1799-இல் ராஜ்யத்தின் நிர்வாகம் ஆங்கிலக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அப்போது சரபோஜி, சத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையாவது என்னிடம் விடுங்கள் என்று கேட்டு, 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தஞ்சைச் சீமையின் சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் சொல்கிறார். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியம். அதோடு, கர்ப்பிணிப் பெண் வந்தால் வேண்டியதெல்லாம் தருவார்கள். சத்திரத்திலேயே பிரசவம் ஆனால் செலவும் மருந்தும் சத்திரத்துடையது. பிள்ளை பெற்ற பிறகு மூன்று மாதம் அங்கேயே தங்கலாம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, படிப்பு. நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் கூட உண்டு.

மூன்று மாதம்! இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில், பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும், அவளால் எல்லாவற்றையும் தனியாகச் செய்ய முடியாது என்று தெரிந்திருக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவியை நம்மில் பலர் வாங்கியிருக்கிறோம். அந்தப் பணத்துக்குப் பின்னால் இருப்பதும் அதே எண்ணம்தான்.

ஆனால் எல்லாத் தாய்க்கும் சத்திரம் கிடைத்துவிடவில்லை. பண்ணையாட்களாக இருந்த குடும்பத்துப் பெண்கள் பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே வயலுக்கு வந்தாக வேண்டும். எங்கள் அப்பாயி சொல்லும்: "நடவுல குனிஞ்சா நிமிரக் கூடாது. பிள்ளை வரப்புல கத்தும். மாரு கனத்து ரவிக்கை நனையும். ஏறிப் போயி பால் குடுக்க முடியாது." வேலைக்கு முடியாத கிழவி ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்து அத்தனை தூளியையும் ஆட்டிக்கொண்டிருப்பாளாம். பெற்றவள் ஒருத்தி, ஆட்டுகிறவள் ஒருத்தி. விவசாயிகள் 1940-களில் சங்கம் கட்டிப் போராடி, 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பிடி தளர ஆரம்பித்தது.

அந்தத் தாய்மார்கள் பிள்ளையை அழவிட்டவர்கள்தான். அவர்களை மோசமான தாய் என்று சொல்ல நமக்கு மனசு வருமா? அப்புறம் நம்மை மட்டும் ஏன் சொல்லிக்கொள்கிறோம்?

அடுத்தது கும்பகோணம். கணவனை இழந்த சத்தியபாமா என்ற அம்மா, இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு இலங்கையிலிருந்து வந்து அங்கே பிழைத்தார். பையன்கள் ஆனையடிப் பள்ளியில் படித்தார்கள். வறுமை தாங்கவில்லை. பள்ளிப் படிப்பை நிறுத்தி, இரண்டு பேரையும் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அங்கே போனால் சோறாவது கிடைக்கும் அல்லவா! பிள்ளைக்குச் சோறு போட முடியாமல் கம்பெனிக்கு அனுப்பிய அந்த ராத்திரி அந்த அம்மா தூங்கியிருப்பாரா என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சின்னப் பையன்தான் எம்.ஜி.ஆர். நான் கட்சி பேச வரவில்லை, வரலாறு பேசுகிறேன். வளர்ந்து பெரிய ஆளானதும் அம்மா பேரையே தன் ஸ்டூடியோவுக்கு வைத்தார், சத்யா ஸ்டூடியோ. தன் வீட்டுத் தோட்டத்தில் அம்மாவுக்குக் கோயில் கட்டினார். அம்மாவால் போட முடியாமல் போன சோறு அவர் மனசில் அம்மாவின் குற்றமாகத் தங்கவில்லை.

1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் அவர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பசித்தால் அழ மட்டுமே தெரிந்த வயசில் நான் பட்ட பட்டினிதான் இந்தத் திட்டத்துக்குக் காரணம், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கொடுத்த கஞ்சிதான் அன்றைக்கு எங்கள் உயிரைக் காப்பாற்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேர் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவள் வீட்டிலும் அன்றைக்குக் குழம்பு உப்புக் கரித்திருக்கலாம். அவள் பிள்ளையும் அழுக்குச் சட்டையோடு திரிந்திருக்கலாம். ஒரு சொம்புக் கஞ்சியை வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டினாள், அவ்வளவுதான். பெற்ற தாய்க்கு முடியாத நாளில் இன்னொருத்தி கை கொடுத்தாள்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. லண்டனில் டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1940-களில் ரேடியோவில் தாய்மார்களிடம் பேசி வந்தவர். பிள்ளைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் இருந்தால் சரி என்று 1953-இல் எழுதினார். கைக்குழந்தையாக இருக்கும்போது தாய் முழுக்க முழுக்க அதனோடு இருக்கிறாள். வளர வளர, கேட்டதும் ஓடிவர அவளால் முடியாமல் போகிறது. பிள்ளை கொஞ்சம் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது, உலகத்தைப் பழகிக்கொள்கிறது. தாய்க்கு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக முடியாமல் போவது பிள்ளை வளர்வதற்கே வேண்டியது என்றார் அந்த மருத்துவர். பட்டினிக்கும் அடிக்கும் இது பொருந்தாது. அன்றாடம் நம்மிடம் வருகிற சின்னக் குறைகளைத்தான் அவர் சொன்னார்.

நாற்றங்காலிலிருந்து பறித்த நாத்து நட்டதும் இரண்டு மூன்று நாள் வாடித்தான் நிற்கும். நட்டவள் கை சரியில்லை என்று யாராவது சொல்வோமா? வேர் பிடிக்கிறது என்றுதானே சொல்வோம்!

கடைசியாக நம் கதை. தமிழ்நாட்டில் மகளிர் குழு 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. 1997-இல் மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் போக ஆரம்பித்தது. 2023 ஆகஸ்ட் 25-இல், நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளைப் பள்ளியிலிருந்து, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவானது. பல ஊர்களில் அந்த அடுப்பை மூட்டுவது யார்? குழுப் பெண்கள்தான். நாற்று நடப் போகிற ஒருத்தி விடியற்காலையில் அடுப்போடு மல்லுக்கட்டாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அங்கே இன்னொருத்தி கிச்சடி கிண்டி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்து வீட்டுக் கஞ்சிச் சொம்பு இப்போது நம் கையில் இருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு மறுபடி அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். "நம்ம குழுவுல ஒரு வாரம் சேமிப்பு கட்ட முடியாதவளை விரட்டுறோமா? பாக்கின்னு எழுதி அடுத்த வாரம் சேத்து வாங்கிக்கிறோம். பிள்ளை விஷயத்துல மட்டும் உன்னை நீயே ஏன்டி விரட்டிக்கிற?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அடுத்த கூட்டத்துக்குப் பையனையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது எங்கள் குழுவில் முறை போட்டு ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம். தீர்மானப் புத்தகத்திலும் எழுதிவிட்டோம்.

கூட்டம் முடிந்ததும் பத்து நிமிஷம், அந்த வாரம் யார் யார் வீட்டில் என்னென்ன சொதப்பியது என்று பேசுகிறோம். ஒருத்தி இட்லி மாவில் உப்பை இரண்டு தடவை போட்டிருப்பாள். ஒருத்தி பையனை ஞாயிற்றுக்கிழமை யூனிபார்ம் மாட்டிப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டிருப்பாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

என் பாரமும் இறங்கியது. பொங்கலுக்கு வந்திருந்த மகனிடம், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தூளி விழுந்த கதையைச் சொல்லி, "மன்னிச்சுக்கடா" என்றேன். அவன் தழும்பைத் தடவிக்கொண்டு, "இதுவாம்மா? இது சைக்கிள்ல விழுந்ததுன்னுல்ல நெனச்சேன்! எனக்கு நடவுன்னா, நீ சேத்துக் கையோட தூக்குவாளியத் தொறந்து ஊட்டுன வெங்காயமும் பழைய சோறும்தான் ஞாபகம். அந்த ருசி இப்ப எங்க கெடைக்குது?" என்றான்.

மறுநாள் காலையில் கேரட்டைப் பூவாக வெட்டவில்லை. பழைய சோற்றைப் பிசைந்து, சின்ன வெங்காயத்தை உரித்துவைத்து, திண்ணையில் அவனோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.