‘அது’ என்று சொன்ன காலமும் திருநங்கை என்ற சொல்லும்

சேமிப்பு, கடன் பற்றி இந்த மலரில் நிறைய பேர் எழுதியிருப்பீங்க. நான் ஒரு பெயரின் வரலாற்றை எழுதுகிறேன். அதில் பாதி நம்ம மாவட்டத்தில் நடந்தது.

நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப மரக்காணம் கடைத்தெருவில் திருநங்கைகள் வந்தால், “அலி வருது”, “ஒம்போது வருது” என்பார்கள். அந்தப் பேரைவிட, ‘வருது’ என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மாடு வருது, ஆடு வருது என்கிற மாதிரி. உயர்திணை, அஃறிணை எல்லாம் நாமும் படித்தோமே! எங்க ஊர்த் தமிழ் ஐயாவிடம் கேட்டேன். “தொல்காப்பியத்திலேயே விதி இருக்கும்மா” என்றார். அந்தக் காலத்தில் பேடி என்று சொல்லப்பட்டவர்களை உயர்திணையில்தான் வைத்திருக்கிறார்களாம். பேடி வந்தாள், பேடியர் வந்தார் என்றுதான் முடிக்கணுமாம். அவ்வளவு பழைய இலக்கணம் கொடுத்த மரியாதையை நம்ம கடைத்தெரு கொடுக்கவில்லை.

அடுத்த பெயர் கூவாகத்தை ஒட்டி வந்தது. உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கும் அந்த ஊர், 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை நம்ம விழுப்புரம் மாவட்டம்தான். பாரதப் போரில் களப்பலியாகப் போகும் அரவானுக்கு யாரும் பெண் தராததால், கிருஷ்ணரே மோகினியாகி மணந்தார் என்பது கதை. சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துவிட்டு வெள்ளைப் புடவை உடுத்துவார்கள். அந்த அரவானை வைத்துத்தான் ‘அரவாணி’ என்ற பெயர். 2008 ஏப்ரல் 15 அன்று, இந்தியாவிலேயே முதலாவதாக தமிழ்நாடு அரசு அவர்களுக்கு நல வாரியம் அமைத்தபோதும், அதன் பெயர் அரவாணிகள் நல வாரியம்தான்.

பழைய பேருக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு நாள் தாலி, மறுநாள் தாலியறுப்பு என்கிற பேரை ஆயுசுக்கும் சுமக்கணுமா? மாதா கோயிலுக்குப் போகிறவங்களும் தொழுகிறவங்களும் அவர்களில் உண்டே. ‘திருநங்கை’ என்ற சொல் வந்தது நல்லதாப் போச்சு. அதை எடுத்துக் கொடுத்தவர் என்று 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜைச் சொல்கிறார்கள். அவரும் திருநங்கை. கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது அது அரசு வழக்கில் ஏறியது. பெண்ணென்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி.

பிறகு அரசுத் தாள்களில் ‘மூன்றாம் பாலினம்’ என்று வந்தது. அவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. முதலும் இரண்டும் யார், நாங்கள் ஏன் மூணாவது என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்? தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு, மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த ஒரு வழக்கால் வந்தது அது.

இதையெல்லாம் தேடிப் படிக்கக் காரணம் எங்க குழுதான். உப்பளத்தில் எங்க பெண்களோடு உப்பு சுமக்கிற ஒரு திருநங்கை, குழுவில் சேரணும்னு வந்தாங்க. வேலைக்கு வந்த புதுசில் கூலி நோட்டில் அவங்க பேருக்குப் பதில் கேலிப் பேரைத்தான் எழுதியிருந்தாங்களாம். எங்க கூட்டத்தில் மூணு பேர் ஒத்துக்கலை. ஒரு பெரியம்மா, “பேரை மாத்திட்டா ஆச்சா? உங்க வீட்ல வாடகைக்கு வைப்பீங்களாடி?” என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கல. அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் கேலிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும் அந்தக் கேள்விகூட எழாது என்பது என் எண்ணம்.

கடைசியில் சேர்த்துக்கொண்டோம். தீர்மான நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் ‘திருநங்கை’ என்று எழுதட்டுமா என்று ஊக்குநர் கேட்டார். “மத்தவங்களுக்கு என்னக்கா எழுதியிருக்கீங்க?” என்றாங்க அவங்க. மற்ற பதினோரு பேருக்கும் பெயர் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டாவது வரியிலும் பெயர் மட்டும் எழுதினோம். இரண்டு வருசமா ஒரு மாசம் விடாமல் சேமிப்பு கட்டுறாங்க. வாடகை வீடுதான் இன்னும் கிடைக்கல.