தண்ணீரில் முகம் அமிழ்த்தும் வைத்தியம்

மனநல ஆலோசகர் வேலையில் இருப்பதால், உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கும் ‘பார்டர்லைன்’ ஆளுமைக் கோளாறின் பழங்கதை என்றால் எனக்குத் தனி ஆர்வம். 1938இல் நியூயார்க்கின் உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன், வழக்கமான உளப்பகுப்பாய்வுக்கு மசியாத நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1980இல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. அதுவரை, ஏன் அதற்குப் பிறகும், இவர்களைக் கண்டாலே ஒதுங்கிய மருத்துவர்கள் உண்டு.

சியாட்டிலில் உளவியலாளர் மார்ஷா லினஹன் ஒதுங்கவில்லை. தற்கொலை எண்ணம் விடாத பெண்களிடம் ‘உன்னை மாற்றிக்கொள்’ என்று மட்டும் சொல்லிப் பார்த்தார், கொதித்தார்கள். வெறும் ஆறுதலும் பலிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி ஏற்கும் ஜென் பயிற்சியையும் நடத்தை மாற்றத்தையும் சேர்த்து அவர் பிசைந்ததுதான் டிபிடி என்ற இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. வாராவாரம் தனிச் சந்திப்பு, குழு வகுப்பு, நெருக்கடியில் சிகிச்சையாளருக்கே போன். தினமும் கோபம், வெட்கம், தன்னைக் காயப்படுத்தும் உந்துதல் எல்லாவற்றுக்கும் டயரி அட்டையில் மதிப்பெண். உணர்ச்சி பொங்கினால் மூச்சைப் பிடித்துக் குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்த வேண்டும். இதயத் துடிப்பு சட்டெனத் தணியும். (இதயநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.) 1991இல் வெளியான ஆய்வில், தன்னைக் காயப்படுத்துவதும் மருத்துவமனை வாசமும் குறைந்திருந்தன.

2011இல் லினஹன் வெளிப்படையாகச் சொன்னார்: 1961இல், 17 வயதில், ஹார்ட்ஃபோர்ட் மனநல மருத்துவமனையில் தனியறையில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். அதைச் சொன்னதும் அதே மருத்துவமனையில்தான். என்ன நெஞ்சுரம்!

லண்டனில் மனநல மருத்துவர் பேட்மனும் உளவியலாளர் ஃபோனகியும் இதே கோளாறுக்கு வேறொரு பேச்சுச் சிகிச்சையை வளர்த்தார்கள். மாத்திரைகளோ கூட வரும் மனச்சோர்வுக்கு உதவலாம். இந்தக் கோளாறுக்கென்றே அவற்றைத் தர வேண்டாம் என்று 2009இல் பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது.