குதிர் முதல் ரேக் வரை: கிடங்கின் காலை யார் பார்ப்பது?

சற்று நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சாயங்காலம் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பையன் என்பது என் வாய்ப்பழக்கம். அவனுக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு பெரிய குடோனில் வேலை. இரும்பு ரேக்கின் இரண்டாவது தட்டைத் தாங்கும் பீம் ஒரு பக்கம் கழன்று, பெட்டிகளோடு அவன் வலது காலில் விழுந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

"டீச்சர், அந்தக் கம்பம் ஒன்றரை மாசமா வளைஞ்சேதானுங்க நின்னுது. வண்டி மோதுன அன்னைக்கே நாங்க எல்லாரும் பார்த்தோம். சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன். பார்த்துக்கலாம்னாரு. அப்புறம் தெனமும் பார்த்துட்டேதான் போனோம்."

அவன் யார் மேலும் கோபப்படவில்லை. எனக்குத்தான் அந்தக் கடைசி வார்த்தை வீட்டுக்கு வந்தும் போகவில்லை. நம் கொங்கு நாட்டில் பொருளைச் சேர்த்து வைப்பதும், சேர்த்து வைத்ததைச் சோதித்துப் பார்ப்பதும் புது வேலைகள் அல்ல. அப்படியிருக்க இது எப்படி நடந்தது என்று யோசித்துக்கொண்டே, தெரிந்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் அமுச்சி வீட்டில் இரண்டு குதிர் இருந்தன. மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பூசியவை. கீழே கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அடியில் ஒரு ஓட்டை, அதற்குத் துணி அடைப்பு. தை அறுவடை வருவதற்கு முன்னால் அமுச்சி குதிரைக் காலி செய்வார். முதலில் தானியம் வைக்கும் உட்புறத்தைப் பார்க்கமாட்டார். குனிந்து உட்கார்ந்து கல்லைத்தான் பார்ப்பார். எலி பறித்து மண் இளகியிருக்கிறதா, கல் சாய்ந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் சாணியும் மண்ணும் குழைத்து விரிசல் பூசுவார். "குதிரு சாஞ்சா சோளமும் போச்சு, கீழ வெளையாடற கொழந்தையும் போச்சு" என்பார்.

சோளத்தைப் பூமிக்குள் குழி வெட்டிக் கொட்டி மூடி வைத்த காலமும் உண்டு. அந்தக் குழியைத் திறந்த உடனே யாரும் இறங்கக் கூடாது. உள்ளே தானியம் மூச்சு விட்டுக் காற்றைக் கெடுத்திருக்கும். சிறிது நேரம் திறந்து போட்டு, விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கமாட்டார். இதையும் அமுச்சி சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். கவனியுங்கள், அங்கே சோதனை முதலில் மனிதனுக்கு, அப்புறம்தான் சோளத்துக்கு.

இது மாறியது பருத்தியோடு. கோவையில் 1888ல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் மில் தொடங்கியதும், 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகியதும் எல்லோரும் அறிந்த கதை. மில்லுக்குப் பஞ்சு வேண்டும். பஞ்சுக்குக் கிடங்கு வேண்டும். சென்னை மாகாணத்தில் 1933ல் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936ல் திறக்கப்பட்டது நம் திருப்பூரில்தான், பருத்திக்காக. விவசாயியை எடையில் ஏமாற்றக் கூடாது, கழிவு என்று பிடுங்கக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். எங்கள் ஐயன் திருப்பூரில் ஒரு ஜின்னிங் கிடங்கில் கணக்கு எழுதியவர். போராவுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஈரம் சொல்லிவிடுவார். தராசு, ஈரம், தூசி, தீ வாளி எல்லாவற்றுக்கும் சோதனை இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இதுவே நாடு முழுக்கப் பெரிய அளவில் வந்தது. 1956ல் சட்டம், 1957ல் மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனம், 1958ல் நம் மாநிலத்துக்கென்று ஒன்று, 1965ல் இந்திய உணவுக் கழகம். கிடங்கு ரசீதைக் காட்டி விவசாயி வங்கியில் கடன் வாங்கலாம் என்று ஆயிற்று. ரசீதில் எழுதிய எடையும் தரமும் குறையக் கூடாது. குறைந்தால் கிடங்குக்காரர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே சோதனை செய்ய வருகிற அதிகாரியின் கண் மூட்டை மேல்தான் இருக்கும். வண்டு விழுந்ததா, ஈரம் ஏறியதா, எண்ணிக்கை சரியா. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பஞ்சகாலம் பார்த்த நாட்டுக்கு அந்தக் கண் தேவைப்பட்டது. ஆனால் அமுச்சி குனிந்து பார்த்த கல், எந்த நோட்டுப் புத்தகத்திலும் ஏறவில்லை.

அப்போது அது பெரிய ஆபத்தாகவும் தெரியவில்லை. ஏனென்றால் அன்றைய கிடங்கில் ரேக்கே கிடையாது. தரையில் மரச்சட்டம், அதன்மேல் மூட்டை அட்டி. லோடுமேன்கள் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்றோடொன்று கவ்வ வைப்பார்கள். பலகை சாய்த்து முதுகில் மூட்டையோடு ஏறக்கூடிய உயரம்தான் உயரம். அட்டி சரிந்து செத்தவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அட்டியின் நிலைமை அதை அடுக்கியவனுக்குத் தெரியும். ஓரத்து மூட்டை பிதுங்கினால் அவனே இறங்கிச் சரிசெய்வான்.

இரும்பு ரேக்கின் கதை வேறு ஊரில் தொடங்குகிறது. லண்டனில் அச்சகம் நடத்திய டெமெட்ரியஸ் கொமினோ என்பவர், ஒவ்வொரு முறையும் தச்சரைக் கூப்பிட்டுத் தட்டு அடிப்பதில் சலித்துப்போய், ஓட்டைகள் போட்ட இரும்பு ஆங்கிளைப் போல்ட் போட்டு எப்படி வேண்டுமானாலும் கோக்கலாம் என்று கண்டுபிடித்தார். 1947ல் டெக்ஸியன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர் மருந்துக் கடை, பனியன் கம்பெனி, பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாவற்றிலும் நிற்கும் ஆங்கிள் ரேக் அந்த வம்சம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பேலட்டையும் ஃபோர்க்லிஃப்டையும் பெரிய அளவில் பயன்படுத்த, போருக்குப் பிறகு அவை கிடங்குகளுக்குள் வந்தன. பேலட்டைத் தாங்கும் உயரமான ரேக்குகளும் கூடவே வந்தன.

நம் பக்கம் இவை வேகமாகப் பெருகியதற்கு வரியும் ஒரு காரணம். முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வைத்திருந்தன. 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தது. வாளையாறு செக்போஸ்ட்டின் லாரி வரிசையும் அதோடு போயிற்று. பத்துச் சின்ன குடோனுக்குப் பதில் ஒரே பெரிய குடோன் போதும் என்று ஆயிற்று. கேரளாவுக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிற கோவை இதற்குத் தோதான இடம். நெடுஞ்சாலை ஓரத்துத் தோட்டங்களில் நீல நிறத் தகரக் கூரைகள் முளைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்த ரேக்கின் கம்பம் பார்க்கத்தான் தடிமன். உண்மையில் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது, உடம்பெல்லாம் ஓட்டை. நேராக நிற்கும்வரை டன் கணக்கில் தாங்கும். கொஞ்சம் வளைந்தால் கதை மாறிவிடும். பிளாஸ்டிக் ஸ்கேலை நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். நேராக இருக்கும்போது எதிர்க்கும். லேசாகப் பிதுங்கிய பிறகு சுண்டு விரலுக்கே மடங்கும். இதற்கு 1744லேயே ஆய்லர் கணக்குப் போட்டுவிட்டார். ஒல்லியான கம்பத்தில், நடுவில் பிடிமானம் இல்லாத நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சக்தி நாலில் ஒரு பங்காகக் குறையும். பெரிய பெட்டி வந்துவிட்டது என்று நடுவில் உள்ள ஒரு பீமைக் கழற்றிவிடுகிறார்களே, அப்போது இதுதான் நடக்கிறது. ரேக்குகள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒன்று விழுந்தால் பக்கத்து வரிசையையும் இழுக்கும். 2016 மே மாதம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையர் பகுதியில் சீஸ் அடுக்கிய ரேக்குகள் இப்படிச் சரிந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் பல மணி நேரம் அடியில் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டார். நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகாவின் விஜயபுராவில் 2023 டிசம்பரில் மக்காச்சோளக் கிடங்கில் சேமிப்பு அமைப்பு சரிந்து மூட்டைகளுக்கு அடியில் சிக்கிய ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் குடோன்களிலும் இன்று பாதிப் பேச்சு இந்தியில்தான் கேட்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பாரம் தூக்கும் கருவிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் முழுதாகச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றது. தூக்குகிற கருவிக்கு அது இருந்தது. தூக்கி வைக்கிற ரேக்குக்கு அப்படிப் பெயர் சொல்லி ஒரு பிரிவு இருக்கவில்லை. இன்னொரு வேடிக்கை. அந்தச் சட்டத்தில் குளிர்பதனக் கிடங்கில் பொருள் வைப்பது உற்பத்தி வேலை; சாதாரண குடோனில் வைப்பது அந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே மில் வளாகத்துக்குள் இருக்கும் கிடங்கு ஒரு சட்டத்தில், ரோட்டோரம் தனியாக நிற்கும் கிடங்கு 1947ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தில் என்று இருந்தது. அதன் கவனமோ பெரும்பாலும் வேலை நேரம், விடுமுறை. 2020ல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம்தான் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் வணிக இடங்களையும் ஒரே குடைக்குள் கொண்டுவருகிறது.

ரேக்கைச் சோதிக்கும் முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஐரோப்பாவில் 2008ல் இதற்கென்றே தரவிதி வெளியிட்டார்கள். முதல் விஷயம், ஒவ்வொரு கிடங்கிலும் ரேக்குக்குப் பொறுப்பு இன்னார் என்று ஒரு ஆளின் பெயர் எழுதியிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அவர் சுற்றிப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்த நிபுணர் வர வேண்டும். கம்பத்தின் பள்ளத்தை அளக்க ஒரு மீட்டர் நீள நேர்கோல் போதும். பீம் ஓடும் திசையில் 5 மி.மீ. வரையும், ரேக்கின் ஆழத் திசையில் 3 மி.மீ. வரையும் வளைவு இருந்தால் பச்சை. குறித்து வைத்துக் கவனித்து வரலாம். அதற்கு மேல் இரண்டு மடங்கு வரை மஞ்சள்: சரக்கை எடுத்தபின் பழுது பார்க்காமல் மீண்டும் ஏற்றக் கூடாது. இரண்டு மடங்கையும் தாண்டினால் சிவப்பு: உடனே சரக்கை இறக்க வேண்டும். இதோடு பீம் கொக்கிகளின் லாக் பின் இருக்கிறதா, அடியில் பேஸ் பிளேட்டின் போல்ட் தரையில் இறுகியிருக்கிறதா, எவ்வளவு எடை வைக்கலாம் என்ற பலகை மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாணவன் மேல் விழுந்த பீமுக்கு லாக் பின் இருந்ததா என்று கேட்டேன். "அது பாதி எடத்துல இருக்காதுங்க டீச்சர்" என்றான்.

அந்த விதியில் இன்னொன்றும் உண்டு. வளைந்த கம்பத்தைச் சூடு காட்டியோ தட்டியோ நிமிர்த்தக் கூடாது. தயாரித்தவர் ஒப்புதல் இல்லாமல் வெல்டிங்கும் கூடாது. இதை நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். தெருவுக்கு ஒரு பட்டறை, எதையும் பற்றவைத்துத் தரும் கைகள் உள்ள ஊர் இது. பம்பு செட்டுக்குச் சரி. மடித்த தகட்டுக்கு அது ஆகாது. நிமிர்த்தியபின் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் பழைய பலம் இருக்காது.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நான் பொறுப்பில் இருந்த ஒரு பள்ளியில் பாடப்புத்தகம் வைக்கும் அறையில் ஒரு பழைய இரும்பு அலமாரி இருந்தது. ஒரு கால் துருப்பிடித்து, செங்கல் முட்டுக் கொடுத்திருந்தோம். வருடா வருடம் மார்ச் மாதம் இருப்புச் சரிபார்ப்பு வரும். இரும்பு அலமாரி, எண்ணிக்கை ஒன்று, இருப்பு சரி என்று நானே ஆறு வருடம் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிட்டது. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது, தினமும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போடும் இடத்தில் அது கிடந்தது. அந்த வருடமும் பதிவேட்டில் எண்ணிக்கை ஒன்றுதான் எழுதினேன்; "பழுது" என்று பக்கத்தில் சேர்த்தேன்.

மாணவன் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். வேலைக்குப் போக இன்னும் மூன்று மாதம் ஆகும். போன ஞாயிறு பார்க்கப் போனபோது, கரும்பலகையில் கோடு போட நான் வைத்திருந்த ஒரு மீட்டர் மர ஸ்கேலைக் கொண்டுபோனேன். அவன் அதைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவே வளைஞ்சிருக்குதுங்களே டீச்சர்" என்றான். அலுமினியத்தில் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

திருப்பூர் விற்பனைக்கூடத்தின் பழைய கிடங்குப் படங்கள், அட்டி அடுக்கும் படங்கள் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். சோளக்குழி பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னது நினைவிருந்தாலும் எழுதுங்கள், அது தனிப் பதிவாக வரும்.