கைபேசி எவ்வளவு நேரம் பிந்தலாம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது, நுவரெலியா மாவட்டத்தின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அப்படியான நாட்களில் கைபேசியில் எஞ்சியிருக்கும் பற்றரியே உயிர்நாடி. சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்ட வடக்கு வாசகர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் பற்றரியைக் கைபேசி எப்படிச் சேமிக்கிறது, அதற்காக எதைப் பிற்போடுகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

அன்ட்ரொய்ட் கைபேசிகளின் அடித்தளம் லினக்ஸ் கேர்னல். "இவ்வளவு நேரத்தில் என்னை எழுப்பு" என்று ஒவ்வொரு செயலியும் அதனிடம் கேட்கிறது. முன்பு கேர்னல் செக்கனுக்கு 100 முதல் 1000 தடவை வரை ஒரே சீராகத் துடித்தது. எழுப்புவதெல்லாம் அந்தத் துடிப்பில்தான். 2006, 2007இல் வந்த மாற்றங்களால், துடிப்புக்குக் காத்திராமல் மிகத் துல்லியமாக எழுப்பவும், வேலையில்லாதபோது துடிப்பையே நிறுத்தவும் முடிந்தது.

ஆனால் துல்லியத்துக்கு விலை உண்டு. ஒவ்வொருவரையும் கேட்ட கணத்திலேயே எழுப்பினால் புரொசசர் உறங்கவே முடியாது, பற்றரி கரையும். ஆகவே 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 பதிப்பில் "தளர்வு" சேர்க்கப்பட்டது. சாதாரண நிரலுக்கு அது 50 மைக்ரோ செக்கன். கேட்ட நேரத்துக்கும் தளர்வின் எல்லைக்கும் இடையில் புரொசசர் வேறொன்றுக்காக விழித்தால், இந்த வேலையும் அதோடு முடிந்துவிடும். உடனடித் தன்மை கொண்ட பணிகளுக்குத் தளர்வு இல்லை.

தோட்டத்தில் இது தெரிந்த கணக்குத்தான். ஒவ்வொரு கூடை நிரம்பும்போதும் லொறி வருவதில்லை. நிறுவை நேரத்தில் எல்லோரின் கொழுந்தும் ஒன்றாக ஏறும். அதற்காக மறுநாள்வரை வைத்திருந்தால் கொழுந்து பழுதாகிவிடும்.

2015இல் அன்ட்ரொய்ட் 6 இதே தத்துவத்தை மணிக்கணக்குக்கு நீட்டியது. சார்ஜ் ஏறாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் கைபேசியில் செயலிகளின் வேலைகள் குவித்து வைக்கப்படும். அவற்றைச் செய்யும் இடைவெளியும் போகப்போக நீளும். லயத்தில் இரவு உறங்குபவரின் தலைமாட்டில் இருக்கும் கைபேசி இப்படித்தான் கிடக்கிறது.

தானாக இணையத்தைப் பார்த்துவரும் வானிலைச் செயலி ஒன்றின் மண்சரிவு எச்சரிக்கை அப்போது பிந்தலாம். அழைப்பும் குறுஞ்செய்தியும் இந்தக் குவியலில் சேர்வதில்லை. ஆகவே மழை நாட்களில் எச்சரிக்கைச் செயலிக்கு பற்றரி அமைப்பில் விலக்குக் கொடுங்கள். அதை மட்டும் நம்பாமல், அயலவரோடு அழைப்பு ஏற்பாடொன்றையும் வைத்திருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக்கூடாது என்று கேர்னலுக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்லவேண்டும். மலைச்சரிவில் வாழ்பவரின் கைபேசிக்கு அதைச் சொல்லும் உரிமை அவரிடமே இருக்கிறது.