நாடி எண்ணிக் கொடுக்கும் மருந்து

வைத்தியசாலையில் இருதய நோயாளர் தங்கும் விடுதிக்கு மருந்துத் தட்டோடு வரும் தாதி, டிஜொக்சின் என்னும் சிறு குளிசையைக் கையிலெடுத்ததும் சற்றே தாமதிப்பாள். நோயாளியின் மார்பிலே துடிப்பறியும் கருவியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவாள். வளர்ந்தோர்க்கு அவ்வெண்ணிக்கை 60க்குக் குறைந்தால் குளிசை கொடுபடாது. செய்தி வைத்தியருக்குப் போகும். அரை நிமிடம் எண்ணி இரண்டாற் பெருக்கினாற் போதாதோ என்று கேட்கலாம். போதாது. ஒழுங்கு குலைந்து துடிக்கும் இருதயம் அத்தகைய கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. இந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும்.

அந்நாட்டின் ஷ்ரொப்ஷயர்ப் பகுதியிலே ஒரு மூதாட்டி இருந்தாள். உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு அவள் ஒரு குடும்ப மருந்து வைத்திருந்தாள். கற்ற வைத்தியர் கைவிட்டோருள்ளும் சிலர் அதனாற் பிழைத்தனர். ஆயினும் அதனை உண்டவர் கடும் வாந்தியாலும் பேதியாலும் வருந்தினர். 1775ஆம் ஆண்டில், அம்மருந்தைப் பற்றி வில்லியம் விதரிங் என்னும் வைத்தியரிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. அதில் இருபதோ அதற்கு மேலோ மூலிகைகள் கலந்திருந்தன. விதரிங் தாவரநூலிலும் வல்லவர். ஆதலால், இத்தனையுள்ளும் வேலை செய்வது ஒன்றே, அது ஊதாநிற மணிப்பூக்கள் அடுக்கடுக்காகத் தொங்கும் டிஜிட்டாலிஸ் என்னுஞ் செடியே என்று கண்டுகொண்டார்.

மருந்தைக் கண்டதோடு பிரச்சினை தீரவில்லை. தொடக்கத்தில் தாம் மிகப் பெரிய அளவுகளைக் கொடுத்ததாகவும், நிறுத்தவேண்டிய வேளையில் நிறுத்தாது தொடர்ந்ததாகவும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். பேர்மிங்ஹாம் நகரில் ஏழை நோயாளருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்துவந்த அவர், பத்து ஆண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்தார். பருவத்துக்குப் பருவம் செடியின் வலிமை மாறுவதைக் கண்டு, பூக்குங் காலத்து இலையையே பறித்து உலர்த்திப் பொடியாக்கினார். அப்பொடியில் ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை நாளுக்கு இருமுறை போதுமென வரையறுத்தார். ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம்.

1785இல் வெளிவந்த அவருடைய நூலிலே குணமடைந்தவரின் கதைகள் மாத்திரமன்றிப் பயன்பெறாதவரின் கதைகளும் இடம்பெற்றன. வெற்றிகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெயர் வாங்குவது எளிது. அதனை அவர் விரும்பவில்லை. சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் மருந்தின் குறி தோன்றியவுடன் மருந்தை நிறுத்துக என்பது அந்நூலின் முக்கிய விதி. அளவு மிகுந்தால் பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தோன்றும் என்றும், நாடி நிமிடத்துக்கு 35 வரை தாழ்வதுண்டு என்றும் அவர் எழுதியிருக்கிறார். நாடியைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டெண்ணும் வழக்கத்துக்கு, ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தைப் பற்றி 1707இல் நூலெழுதிய சேர் ஜோன் ஃபுளோயர் முன்னரே வழிகாட்டியிருந்தார்.

ஆனால் வைத்தியருட் பலர் மருந்தின் பெயரைப் பற்றிக்கொண்டு விதியை விட்டுவிட்டனர். காய்ச்சலுக்கும் சயரோகத்துக்குங்கூட அது வழங்கப்பட்டது. 1799இல் விதரிங் இறந்த பின்னரும் நெடுங்காலம் இந்நிலை நீடித்தது.

1930ஆம் ஆண்டில் சிட்னி சிமித் என்னும் இரசாயன அறிஞர், அதே குடும்பத்துக் கம்பளியிலைச் செடியொன்றிலிருந்து டிஜொக்சினைப் பிரித்தெடுத்தார். இலைக்கு இலை வலிமை மாறுந் தொல்லை நீங்கியது. வேறொரு தொல்லை புகுந்தது. 125 மைக்ரோகிராம் என்பதை மில்லிகிராமில் எழுதினால் 0.125 ஆகும். தசமப்புள்ளி ஓரிடம் தவறினால் அளவு பத்து மடங்காகிவிடும். ஆகவேதான் மைக்ரோகிராம் என்னுஞ் சொல்லைச் சுருக்காது முழுமையாக எழுதுமாறும், தசமப்புள்ளியின் முன் சுழியம் இடுமாறும் தாதியருக்குக் கற்பிக்கப்படுகிறது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. சிறுநீரகம் செம்மையாக இயங்குவோரிடத்தும் உட்கொண்டதிற் பாதி நீங்க ஒன்றரை நாள் செல்லும். முதியோர் உடம்பில் அது மேலும் தங்கி, நேற்றைய குளிசைமேல் இன்றைய குளிசை சேர்ந்துகொண்டே போகும்.

வைத்தியர் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து போவார். கட்டிலருகே நிற்பவள் தாதி. சோறு மணக்கவே குமட்டுகிறது என்று முதியவர் ஒருவர் முணுமுணுத்தாலும், வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரிகிறது என்றாலும், அதனை வயோதிகத்தின் பேச்சென்று அவள் தள்ளிவிடுவதில்லை. விதரிங் எழுதிவைத்த குறிகள் அவையே. அன்றைய குளிசை நிறுத்தப்படுமாயின், மருந்தேட்டிலே அவ்விடத்தை வெறுமையாக விடாமல், எண்ணிய துடிப்பையும் கொடாத காரணத்தையும் நேரத்தோடு எழுதி, அவள் கையொப்பமிடுகிறாள்.